எத்தனை எட்டு

நாளை எட்டு மணிக்குக் கப்பல்.
இன்று மாவு மூட்டையோடு நடக்கிறேன்.

பன்னிரண்டு கிலோ, முதுகில்.
இடது ஷூவுக்குள் ஒரு கொண்டைக்கடலை.
காஸ்ட்ரோ மீன்சந்தையில் எலியாசர் கேட்டான்:
"லுதோவினா, யாருக்கு என்ன வேண்டுதல்?"
வேண்டுதல் இல்லையப்பா.
எனக்கு நாற்பத்தொன்று.
இறங்கப்போகிற முப்பத்தாறு பேரில்
இளையவருக்கே எழுபத்திரண்டு.
என் முழங்காலை நம்பித் திட்டம் போட்டால்
அது எனக்காகப் பொய் சொல்லும்.

படகுத்துறையிலிருந்து தேவாலயம் வரை
அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டு, அத்தனையும் மேடு.
நடுவில் இரண்டு பெஞ்சு.
ஒன்றில் பலகை இல்லை,
இன்னொன்றில் எப்போதும் ஒரு நாய்.
கைப்பிடிக் கம்பி கடைசி மூன்று படிக்கு
முன்னாலேயே நின்றுவிடுகிறது.
நகராட்சிக்கு மூன்று கடிதம் போட்டேன்,
படிக்கு ஒன்று.
மழை உண்டு. அதைக் குறித்துக்கொள்ளவில்லை,
சிலோயே தீவில் யார் அதைக் குறிக்கிறார்கள்.

கழிப்பறைக் கணக்கு தனி.
சந்தையில் இருப்பது ஒன்று,
சாவி கம்பளி விற்கும் எதுவீகிஸிடம்.
ஆளுக்கு நான்கு நிமிடம் என்றாலும்
நூற்று நாற்பத்துநான்கு.
உலகத்தின் இந்த மூலைக்கு வந்து
அவர்கள் பார்க்கப்போவது ஒரு சாத்திய கதவைத்தான்.
அதனால் மருந்துக்கடை, பாதிரியார் வீடு,
நீர்க்கால் வீட்டு வரிசையில் என் நாத்தனார் வீடு,
மூன்றிடமும் கேட்டு வைத்திருக்கிறேன்.
நாத்தனார் புதுத் துண்டே வாங்கிவிட்டாள், ஊதா நிறத்தில்.
பாதிரியார் இன்னும் யோசிக்கிறார்.

ஓதம் எட்டரைக்கு நிறையும்.
அப்போது மிதவைப் பாலம் மேஜைபோல் கிடக்கும்.
இரண்டு மணிக்குக் கடல் வற்றிவிட்டால்
அதே பாலம் கூரைச் சரிவு.
'முழுநாள் உலா' என்கிறது
கப்பல்காரர்களின் வண்ணத்தாள்.
பென்சிலால் அடித்தேன்: அருவி.
அடித்தேன்: மாடியில் இருக்கும் மியூசியம்.
தால்காவே போகும் பேருந்தையும்.
மிச்சம் இரண்டே முக்கால் மணி நேரம்,
ஒரு தேவாலயம், ஒரு கிண்ணம் சூப்,
உட்கார நிறைய இடம்.
காற்று எழுந்தால் துறைமுகத்தையே மூடிவிடுவார்கள்.
அப்போது இத்தனையும் மாவுதான்.

பேருந்து நிழற்குடையில் ஒதுங்கிப்
பயணிகள் பட்டியலைப் படித்தேன்.
வீப்கே, எண்பது. வலது காதில் பேசவும்.
அவர் கணவர். பேச வேண்டாம்.
அறை எண் 6114, கெர்லிண்டே ஆஷௌவர், எண்பத்தாறு.
'என்ன பார்க்க விருப்பம்' என்ற கட்டத்தில்
நடுங்கும் எழுத்தில்
ஆடாத இடம்
என்றிருந்தது.

அம்மா,
நாங்கள் வீட்டையே உருளைமரத்தில் ஏற்றி
மாடு பூட்டி இழுத்துக்
கடலில் மிதக்கவிட்டு
அக்கரையில் குடியேறுகிறவர்கள்.
என் நாத்தனார் வீடு தண்ணீரில் காலூன்றி நிற்கிறது;
ஓதம் ஏறினால் அலமாரியில் தட்டுகள் பேசிக்கொள்ளும்.
அறுபதாம் வருடம் தரையே எழுந்து நடந்ததாம்.
தவிர,
பதினோரு நாள் கப்பலில் இருந்தவருக்குக்
கல்தளமும் ஆடும், அன்று முழுக்க.
இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுத?

சந்தைக்குப் பின்னால்
எலியாசரின் ஐஸ்பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே
காற்று புகாத ஒரு மூலை.
அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு
மூட்டையை இறக்காமலே உட்கார்ந்தேன்.
ஆடியது.
ஒரு கால் குட்டை.
வண்ணத்தாளை எட்டாக மடித்து
அந்தக் காலுக்கடியில் செருகினேன்.
மறுபடி உட்கார்ந்தேன்.
கண்ணை மூடினேன்.
எலியாசர் செதில் சீவுவதை நிறுத்தி
என்னைப் பார்க்கிறான் என்று தெரிந்தது,
திறக்கவில்லை.

இங்கிருந்து கழிப்பறைக்கு
இருபத்தாறு எட்டு,
கடலையோடு.