பேய்க்கு ஐந்நூறு கூடுதல்

அழுகைக்கு ஒரு ரேட், சிரிப்புக்கும் அதே ரேட்,
பேய் என்றால் ஐந்நூறு கூடுதல்.
தொண்டை புண்ணாகும் என்பது மேனேஜருக்கே தெரியும்.
சாலிக்கிராமம், முதல் மாடி,
கீழே மாவு மில்.
மில் ஓடும்போது ரெக்கார்டிங் கிடையாது.
ஆகவே எங்கள் பேய்கள் எல்லாம்
கடைசி மிளகாய் அரைத்து முடிந்த பிறகே பேசும்,
லேசாகத் தும்மிக்கொண்டு.

இந்த முறை பனிதேசத்துப் படம்.
எந்த நாட்டு ராணுவம் என்று கேட்டேன்.
"தோத்த ராணுவம்" என்றான் ரெக்கார்டிஸ்ட் செல்வின்.
பதினோரு சிப்பாய்கள், ஒரு பதுங்குகுழி,
அவர்களுக்கு முன்பே வந்து
அடியில் உட்கார்ந்திருக்கும் ஒன்று.
அதற்கு உடம்பில்லை, பல்லில்லை.
("பட்ஜெட் இல்லை" என்றான் செல்வின்.)
இருப்பதெல்லாம் காது.
சிப்பாய் தூக்கத்தில் யார் பெயரை உளறுகிறானோ
மறுநாள் அந்தக் குரலில்
கம்பிவேலிக்கு அப்பாலிருந்து கூப்பிடும்:
"குளிருதுடா, வந்து கூட்டிட்டுப் போ."
போவான்.
காலையில் வேலியோரம் தொப்பி மட்டும் கிடக்கும்.

ஏழு அம்மா, இரண்டு மனைவி,
செத்துப்போன ஒரு தங்கை,
எல்லாம் நான்தான் கூப்பிட்டேன்,
பனங்கற்கண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு.
பத்துப் பேராகவும் குமரவேல் ஒருவனே செத்தான்.
எட்டாவது சாவில் அவனுக்குக் குரல் கட்டிக்கொண்டது,
மீதி இரண்டைத் தேறாத தொண்டையிலேயே செத்தான்,
அதுதான் நன்றாக வந்தது.

மிச்சம் ஒயர்லெஸ்காரன்.
ஆள் தேட நேரமில்லை.
வாசல் செக்யூரிட்டி ஏகாம்பரத்தை
மேலே கூட்டி வந்தார்கள்.
வேலூர்ப் பக்கம். பதினேழு வருஷம் சர்வீஸ், சிக்னல்ஸ்.
ஏதோ மலை என்பார். எது என்று சொன்னதில்லை.
தொப்பியைக் கழற்றி மைக் ஸ்டாண்டில் மாட்டினார்.

"நாலாம் போஸ்ட், நாலாம் போஸ்ட், கேக்குதா, ஓவர்."

முதல் டேக்கிலேயே உதடு பொருந்தியது.
அடுத்தது என் முறை.
தாளில் 'மூச்சு மட்டும்' என்றிருந்தது.
மூச்சு விட்டேன்.
அவர் தாளைப் பார்க்கவில்லை. திரையையும்.
"மாசிலா" என்றார்.
"மாசிலா, பேட்டரி எடுக்கத்தான்டா கீழே இறங்கினேன்.
அரை மணிதான்.
லைன்ல இருக்கியா. ஓவர்."

செல்வின் நிறுத்தவில்லை.
பச்சைக் கோடு தட்டையாக ஓடியது.
ஹெட்போனைக் கழற்றியிருக்கலாம்.
இருமியிருக்கலாம்.
"இருக்கேன்" என்றேன்.
என் குரலில் அல்ல,
அந்த ஏழு அம்மாக்களில் ஒருத்தியின் குரலிலும் அல்ல.
"இருக்கேன் ஏகா. பனி நின்னுடுச்சு. ஓவர்."

ஏகா என்று அவரைக் கூப்பிட ஆள் உண்டென
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"ரோஜர்" என்றார்.
தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அந்த டேக்கைத்தான் வைத்தார்கள்.
'மாசிலா'வுக்கு வெள்ளைக்காரன் வாய்
அப்படிப் பொருந்திப் போயிற்று.
படம் ஒரு வாரம் ஓடியது.
அந்தக் காட்சியில் பின்வரிசையில் ஒருவன் விசிலடித்தான்.
ஐந்நூறை நான் வாங்கிக்கொண்டேன், பால்காரருக்குப் பாக்கி இருந்தது.

கம்பிவேலிக்கு அப்பால் இருந்ததும்
இதைத்தானே செய்தது?
அதற்கும் ஒருவேளை
இரக்கமாகத்தான் இருந்திருக்குமோ.

வாசலில் ஒரு நோட்டு உண்டு:
பெயர், வந்த நேரம், போன நேரம்.
நான் வந்த நேரத்தை
ராணுவக் கணக்கில் அழகாக எழுதுகிறார், இருபத்தொன்று நாற்பது என்று.
போன நேரத்துக் கட்டம் மூன்று மாதமாகக் காலி.
நேற்று கேட்டேன், "எழுதலையாண்ணா?"
பேனாவை மூடினார்.
"போனாத்தானேம்மா எழுத."

ஆற்காடு சாலைக்கு வந்து நின்றேன்.
மெட்ரோ தோண்டிய புழுதியில் விளக்குகள் பனிக்குள்போல் எரிந்தன.
கை காட்டினேன்.
காலி ஆட்டோதான்,
நிற்காமல் போனது.