உடைந்த முட்டைகளின் கணக்கு

தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்திலிருந்து
இந்தச் சாலைக்குக் கூரைத்தகரம் என்று பெயர்.
தெற்குக் காற்றும் லாரிகளும் சேர்ந்து வார்த்த
வரிவரியான தகரம்.
அதன்மேல் வாரம் இரண்டு முறை
முந்நூற்றறுபது முட்டைகளை முர்த்தாவுக்கு ஏற்றிப் போகிறேன்.
உடைந்தவற்றை நோட்டில் எழுதி வைப்பது வழக்கம்.
டிசம்பரில் நான்கு.
பிப்ரவரியில் பதினொன்று.
ஏப்ரல் முதல் வாரம் மட்டும் இருபத்தாறு,
எல்லாம் முன்சீட்டின் வலப்பக்கத் தட்டில்.

எலியூத்தெரியோ, என் தங்கையின் கணவன்,
குனிந்துகூடப் பார்க்காமல் சொன்னான்:
'பால் ஜாயிண்ட்.'
மாற்றினோம்.
'அப்படியென்றால் ஸ்டெபிலைசர் லிங்க்.'
அதையும் மாற்றினோம்.
டொக் என்றது கார்,
இன்னும் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்பதுபோல.

ஞாயிற்றுக்கிழமை மழை.
அவனை உள்ளே உட்காரவைத்து
இன்ஜின் ஓடட்டும், ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பு என்றேன்.
முழுக்க இடம். முழுக்க வலம்.
சக்கரத்துக்குமேல் கையை நுழைத்து
ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டிருந்தேன்,
கோழியின் அடிவயிற்றில் முட்டை இறங்கியிருக்கிறதா என்று
தடவிப் பார்க்கிற அதே விரல்களால்.
அது கூடவே திரும்ப மறுத்தது.
முறுக்கிக்கொண்டே போய்
சட்டென்று விட்டுக்கொடுத்து உள்ளங்கைக்குள் துள்ளியது.
டங்.
மேலே, பானட்டுக்கடியில், மூன்று நட்டுகளுக்கு நடுவே
ஸ்ட்ரட் மவுண்டின் ரப்பர் கிழிந்து உதடு பிதுங்கியிருந்தது.
'அட' என்றான்.
இரண்டு மாதச் செலவுக்கு அவன் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான்.

ஒன்று வாங்கத்தான் காசிருந்தது.
கடைக்காரர் பெர்ஃபெக்தோ இரண்டை எடுத்து வைத்தார்.
வலக்கண்ணுக்கு வெண்ணெய் வைத்துவிட்டு
இடக்கண்ணைச் சுண்ணாம்போடு ஓட்டலாம் என்றிருந்தேன்.
அவர் ஒன்றும் பேசவில்லை.
கடன் நோட்டைத் திறந்து எழுதினார்:
ஒட்டிலியா, முட்டை, பன்னிரண்டு தட்டு.

ஜாக்கியில் தூக்கி, கட்டை கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினேன்.
கீழ் போல்ட் இரண்டும் துருவோடு திருமணம் முடித்திருந்தன.
எண்ணெய் விட்டேன். ஒரு குடுவை மாத்தே குடித்தேன்.
மறுபடியும் எண்ணெய் விட்டேன்.
ஸ்பிரிங்கை அடக்கும் கொக்கிகள் எதிரெதிரே இரண்டு.
இதில் ஒரு சுற்று. அதில் ஒரு சுற்று.
ஒன்றை மட்டும் முறுக்கினால்
அது பறந்து முகத்தைத் தேடி வரும்.
அடக்கிவைத்த ஒன்றின் பக்கத்தில்
இவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்து நான் நின்றது
கல்யாணமான முதல் வருஷம் மட்டும்தான்.

நடு நட்டு விட்டதும் பழைய மவுண்ட் கையோடு வந்தது.
ஒரு கிலோகூட இருக்காது.
காரின் மூக்கும் என் முட்டைகளும்
இத்தனை நாள் இதைத்தான் நம்பிக் கிடந்தன.
பேரிங் வாய் பிளந்து
மிளகளவு குண்டுகள் சிமெண்டுத் தரையில் உருண்டன.
எண்ணினேன், பதினெட்டு.
(எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது.)

புதியதை வைத்தேன்.
ஸ்பிரிங்கின் நுனி அதற்கான பள்ளத்தில் உட்காரும்வரை
கொக்கிகளைத் தளர்த்தக் கூடாது.
சக்கரம் தரையைத் தொட்டு
கார் தன் எடையைத் தானே சுமந்த பிறகு
மேல் நட்டுகளுக்குக் கடைசி முறுக்கு.
இடப்பக்கம் முடியும்போது இருட்டிவிட்டது.
எலியூத்தெரியோ விளக்கைப் பிடித்தான்,
வாயையும் பிடித்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை முர்த்தாவில் தட்டுகளை இறக்கினேன்.
உடைந்தது ஒன்று.
அதுவும் கதவைத் திறக்கையில் என் முழங்கை பட்டு.
அதைச் சாலையின் கணக்கில் எழுதவில்லை.
கார் இப்போது கொஞ்சம் இடதுபக்கம் இழுக்கிறது.
அலைன்மெண்டுக்கு இன்னும் எத்தனை தட்டோ.

திரும்பிவந்து கொட்டகையைப் பெருக்கினேன்.
குண்டுகள் பதினேழுதான் கிடைத்தன.
நீல முட்டையிடும் வாலில்லாக் கோழி
தலையைச் சாய்த்து என்னையே பார்த்தது.
நாளைக்கு அது இட்டதும்
காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும்.