மூன்று மாத்திரைக்கு மேல்

இறக்காமக் குளக்கட்டில் ஆறு இருபது.
தாளில் அதுவரை
நீர்க்காகம் நாற்பதுக்கு மேல், தாழைக்கோழி ஐந்து,
வாடிக்குப் பக்கத்து வேம்பில் மாம்பழச்சிட்டு இரண்டு.

அப்போதுதான் மருதமரத்தின் உச்சியிலிருந்து
ஒரு விசில்.
நூல் பிடித்தாற்போல் நேராகப் போய்
கடைசியில் கைதவறி விழுந்தது.

"கேளுங்கவன்" என்று ஜெஸீல் பைக்கை நிறுத்தினான்.
என்ஜின் சூடாறும் டிக் டிக்கையும்
ஒரு பறவையாக எழுதப் போனேன்.

எழுதுவதென்றால் எந்த எழுத்தில்?
வீ என்று தொடங்கி இ, இ, இ...
அளபெடைதான். ஆனால் மூன்று மாத்திரைக்கு மேல்
பள்ளிக்கூடத்தில் யாரும் நீட்டச் சொல்லவில்லை.
முடிவில் ஒரு குறில், து என்றோ தியு என்றோ.
இடையில் எங்கேயோ எந்த மெய்யும் ஏறாத மூச்சு.
அதற்கு ஆய்தம் வைத்துப் பார்த்தேன்.
அடுப்புக்கல் மாதிரி இருந்தது,
பறவை மாதிரி இல்லை.

துலிசு திறக்க வந்த மீராமுகைதீன்
"கதவுக்குக் கிறீஸ் போடல்ல, அதுதான்" என்றார்.
கதவை அவர் இன்னும் தொடவே இல்லை.
போன் நான்கு பெயர் தந்தது,
அதில் ஒன்று இமயமலையை விட்டு இறங்காதது.
நான் திருப்பி விசிலடித்தேன்.
பறவை நிறுத்திக்கொண்டது.
வட்டைக்குள்ளிருந்து ஒரு நாய் வந்தது.

கழுத்து நொந்தது. தொலைநோக்கியில் பனி.
மாவட்டத்துக்கே புதிது என்று
மனதுக்குள் மூன்று பேருக்குச் சொல்லியும் விட்டேன்.

பிறகு ஓர் இலை
காற்றில்லாமல் அசைந்தது. மஞ்சள்.
கறுப்புச் சிறகில் வெள்ளைக்கோடு இரண்டு.
அலகு திறக்க, அந்த நூல்
அதிலிருந்துதான் வந்தது.

மாம்பழச்சிட்டு.
அக்கரைப்பற்றில் என் சமையலறை யன்னலுக்கு வெளியே
முருங்கையில் பதினொரு வருடமாகப் புழு பொறுக்குவது.
தினமும் கடனுக்கு முட்டை தரும் கடைக்காரர்
போனில் யாருடனோ
நான் அறியாத பாஷையில்
விழுந்து விழுந்து சிரிப்பதைக் கேட்டதுபோல
நின்றேன்.

ஜெஸீல் பென்சிலை நீட்டினான்.
"சேத்து மூண்டா,
இல்ல, காலத்தால கண்ட ரெண்டுல ஒண்டா?"

வேம்பைத் திரும்பிப் பார்த்தேன்.
வாடியின் புகை அதை மறைத்திருந்தது.
கேள்விக்குறியை அழித்த இடத்தில்
தாள் மெலிந்து
அடியிலுள்ள தாளின் கோடு தெரிந்தது.