நாய் பிழைக்கிறதா

புந்தா அரேனாஸ் நூலகத்தில்
வியாழக்கிழமை நாங்கள் ஆறு பேர்.
ஆகஸ்ட் காற்று தகரக் கூரையைப்
பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

நோல்பெர்த்தோ, ஜலசந்திப் படகில்
எஞ்சின் பார்ப்பவர், ஆரம்பித்தார்:
“ஒரு கதவைத் திறக்க முப்பது பக்கமா இவனுக்கு?
அதற்குள் என் படகு அக்கரை போய்த் திரும்பிவிடும்.”
திட்டியபடியே
மறுபடி புரட்டினார்
தன் டீசல் விரல் பதிந்த அந்த முப்பதை.

ஸ்தென்கா நூற்றுப்பன்னிரண்டில் நிறுத்திவிட்டாள்.
நாய் வந்ததும் மூடிவிட்டாளாம்.
“கதையில் நாய் வந்தால் சாகத்தான் வரும்.
சொல்லிவிடுங்கள், பிழைக்கிறதா?”

மாத்தே தேநீர்க் குவளை
வழக்கத்தைவிட வேகமாகக் கைமாறியது.
யாருக்கும் வாயைச் சும்மா வைத்திருக்க விருப்பமில்லை.

“பிழைக்கிறது” என்றேன்.

எத்வீகிஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக
என்னைப் பார்த்தாள்.
பார்த்துவிட்டு அவளும் தலையாட்டினாள்.

ஸ்தென்கா அதே புத்தகத்துக்கு
இன்னும் இரண்டு வாரம் முத்திரை வாங்கி
கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டாள்,
குட்டி ஒன்றைக் கொண்டுபோகிறவள் மாதிரி.

இன்று பன்னிரண்டாம் நாள்.
அவள் வேகமாகப் படிக்கிறவள் இல்லை.
இருநூற்று நாற்பதுக்கு
இன்னும் வந்திருக்க மாட்டாள்.