பிரிவு ஒன்பது

முன்பணம் திரும்ப வேண்டுமானால்
மரவேலை எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும்
என்று எழுதியிருக்கிறீர்கள், திரு. மக்கில்ரே.
வெள்ளைதான். நிற்க மாட்டேன் என்கிறது.

ஜன்னல் சட்டத்தில் நகம் பட்டது.
காய்ச்சிய பாலின் ஏடு போல
ஒரு முழம் உரிந்து கையோடு வந்தது.
அடியில் வழவழவென்று பழைய ஆயில் பெயிண்ட், பச்சை.
அதன்மேல் யாரும் உப்புத்தாள் போட்டதில்லை.
ஒரு குடித்தனம் போனால் ஒரு கோட்டிங்,
அவ்வளவுதான்.

ஈயம் இருக்குமோ என்று சோதித்தேன்.
குச்சி சிவக்கவில்லை.
பிறகு தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன்,
டண்டீ மழையில் ஒரு ஞாயிறு முழுக்க.
கீழ்வீட்டு இஷ்பல் கதவு தட்டிக் கேட்டாள்:
"எலியா?"

பச்சைக்குக் கீழே பழுப்பு,
அதற்கும் கீழே ஒரு நேர்கோடு.
விரிசல் என்றுதான் நினைத்தேன்.
கத்தி நுனி உள்ளே போனது,
போய்க்கொண்டே இருந்தது.

ஜன்னல் திறந்தது.

மூன்று குளிர்காலமாக
இது திறக்காத வகை என்றே நம்பியிருந்தேன்.
டே ஆற்றின் சேற்றுவாடையும்
பேருந்து பிரேக் போடும் சத்தமும்
வாடகை கேட்காமல் உள்ளே வந்தன.

பிரைமர் காய்ந்துவிட்டது.
நாளை வெள்ளை அடிப்பேன், பிரிவு ஒன்பதின்படி,
அந்த இடுக்கை மட்டும் விட்டுவிட்டு.

இப்படிக்கு,
ஷோனா,
இரண்டாம் மாடி, இடதுபக்கம்.