நேர் நிழல்

காங்கேசன்துறை மேடையில ஒரு மரமில்லை.
சித்திரை பிறக்க ரெண்டு நாள் இருக்கு.
நான் தூக்கிற கொன்ரெய்னர்தான்
அங்க ஒரே நிழல்.

மார்கழியெண்டால் வெயில் சரிஞ்சு வரும்,
நிழல் விலகி விழும்.
அதில நிண்டவன் பாரத்துக்குக் கீழ நிண்டவனில்லை.
இப்ப சூரியன் உச்சந்தலையில.
பாரமும் நிழலும் ஒரே இடம்.

கபினுக்குள்ள இருந்தால்
எனக்குத் தெரியிறது மெற்றில்டாவின்ர கை மட்டும்.
மயிலிட்டிக் குரல் அவளுக்கு, கடலைத் தாண்டும்.
எஞ்சின் சத்தத்தைத் தாண்டாது.
சுட்டுவிரல் மேல சுத்தினால் தூக்கு.
கீழ சுத்தினால் இறக்கு.
கை நீண்டு உள்ளங்கை நிலம் பாத்தால்
உலகத்தில வேற வேலையில்லை, நில்.

பன்னிரண்டு பத்து.
இருபத்திரண்டு தொன். பருப்பு, சீனி,
வருஷத்துக்கு முதல் கடைக்குப் போகோணும்.
ஏஜென்ற் காலமையில இருந்து போனும் கையுமா நிக்கிறார்.

அவள் கையை நீட்டினாள்.

லீவர் நடுவுக்கு வந்திட்டுது.
முதல் நிப்பாட்டிறது, ஏனெண்டு பிறகு கேக்கிறது.
பெட்டி ஒருக்கா ஆடி அடங்கினது.

கயிறு பிடிக்கிற துஷிகரன்
போத்தல் மூடியைத் திருகினபடி
நிழலுக்குள்ள போயிட்டானாம்.
ஆறு மணியில இருந்து வெயில் குடிச்ச உடம்பு.
அறிவு போகேல்லை, கால் போனது.
நிழலின் அருமை வெயிலில் தெரியுமெண்டு
பள்ளிக்கூடத்தில எழுதுவிச்சவை.
அந்த நிழல் எத்தினை தொன் எண்டு
ஆரும் சொல்லேல்லை.

நாலு நிமிஷம் பெட்டி அந்தரத்தில.
கண்ணாடிக்கு வெளிய ஏஜென்ற்றின்ர வாய்
கரையில போட்ட மீனைப்போலத் திறந்து மூடினது.
அவன் வெளிய வந்தான்.
அவள் தலைகளை எண்ணினாள், திரும்பவும் எண்ணினாள்,
பிறகுதான் விரல் கீழ சுத்தினது.

பின்னேரம் கொப்பியில எழுதினாள்:
12.10 நிறுத்தம். காரணம்: நிழல்.
சுப்பர்வைசர் பத்மசீலன் சிரிச்சு, வெட்டி,
"தாமதம்" எண்டு போட்டார்.
அவள் வெட்டினதுக்குக் கீழ
அதே சொல்லைப் பெரிசா எழுதினாள்,
பேனை அடுத்த பக்கத்திலயும் பதிய.

வருஷ லீவு முடிஞ்சு வர
பெட்டி போகாத பக்கமா
நாலு கம்பி, ஒரு நீலத் தறப்பாள்,
ஒரு தண்ணிப் பீப்பா.
ஆர் கட்டினதெண்டு பத்மசீலன் சொல்லேல்லை,
நாங்களும் கேக்கேல்லை.

இண்டைக்கு என்ர நிழலுக்குள்ள
ஒரு நாய் படுத்திருந்தது.
கை நீண்டது.
அது எழும்பி, சோம்பல் முறிச்சு,
ஒருக்கா மேல பாத்திட்டுப் போகுமட்டும்
பத்தொன்பது தொன் சீமெந்தும் நானும்
அந்தரத்தில நிண்டம்.