நாலு பக்கமும்

புயல் போன ஐந்தாம் நாள் மூக்கையூர் போனேன்.
கேமரா பையில் ஒரு தாள்:
படகின் நான்கு பக்கமும்,
ஒவ்வொன்றிலும் உரிமையாளர், முகம் தெரிய,
நான்கும் ஒரே தாளில், மூன்று நகல்.
ஒரு செட்டுக்கு நூற்றைம்பது வாங்குகிறேன்.
இன்னாசி நூறு என்றார். சரி என்றேன்.

அணியத்தில் தொடங்கினேன்.
வள்ளம் மணலில் ஒருக்களித்துக் கிடந்தது.
அவர் பக்கத்தில் நின்றார், விறைப்பாக,
ரேஷன் கார்டுக்கு நிற்பது போல.
கடல்கோடு அவர் கழுத்தை அறுத்துக்கொண்டு போனது.
முழங்காலிட்டேன். கோடு இடுப்புக்கு இறங்கியது,
தலை வானத்துக்குப் போனது.
ஓரத்தில் கிடந்த மஞ்சள் கேனை எடுக்க ஓடினார்.
இருக்கட்டும் என்றேன்.

அடுத்தது கடையால்.
இஞ்சின் இருந்த இடத்தில் நான்கு போல்ட் துளை.
மனிதர் இடது ஓரம், துளைகள் வலது ஓரம்,
நடுவில் வெறும் மணல்.
அந்த வெறும் மணல்தான் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது, பாறையில் மோதிய பக்கம்.
அங்கே நான் எதையும் அமைக்கவில்லை.
பிளவின் கருப்பு தானே வந்து
படத்தின் நடுவில் உட்கார்ந்தது.
வங்குகள் தெரிய, உள்ளே ஐந்து நாள் தண்ணீர்.
இன்னாசி எங்கே நின்றாலும் சின்னவரானார்.

நாலாவதுக்குச் சுற்றி வந்தபோது
குறுக்கே வந்து நின்றார்.
"இந்தப் பக்கம் வேணாம்மா.
உடைஞ்ச பக்கத்தையே இன்னொரு தடவ எடுங்க."

ஒரு கீறல் இல்லை.
போன ஆடியில் அடித்த நீலம்,
நீலத்தின் மேல் சந்தியாகப்பர் குதிரை,
வெள்ளையாக, வலது பக்கம் பாய்ந்தபடி.
நாளைக் காலை தொழிலுக்குப் போகிற வள்ளம்.
ஆபீசர் என்ன நினைப்பார்
என்று எனக்கும் தெரிந்தது.

வலைக் குவியலில் உட்கார்ந்திருந்த ஞானப்பூ
அப்போதுதான் வாய் திறந்தாள்:
"நாலு பக்கம்னா நாலு பக்கந்தான.
எடுங்கக்கா. வீட்ல மாட்ட ஒண்ணு வேணும்."

அவர் நிற்க மறுத்தார். பிறகு நின்றார்,
குதிரையின் குளம்பு தலைக்கு மேல் வர.
கேன் அங்கேயும் எட்டிப் பார்த்தது.

இரவு, சாயல்குடி ஸ்டூடியோவில்
மேலே இரண்டு, கீழே இரண்டு என்று அடுக்கினேன்.
தாள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.
பிளவு கீழ் இடது மூலையில் நங்கூரமாகக் கிடக்க,
அதற்குப் பக்கத்தில் நீலம்
வெட்கமில்லாமல் மினுங்கியது.
நீலத்தை மங்கலாக்கலாம். ஒரு நிமிட வேலை.
அவருக்கு அது பணம்.
மவுஸின் மேல் விரலை வைத்தபடி
குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்:
தாளை விட்டு வெளியே பாய்கிறது.

இடம் மாற்றினேன்.
நீலம் முதலில், பிளவு கடைசியில்.
குதிரை இப்போது உள்ளே பாய்ந்தது.
கேனிலிருந்து கேனுக்குத் தாவி
அணியம், துளைகள் என்று கண் இறங்கி
பிளவில் போய் நின்றது.
முழுசைப் பார்த்துவிட்டு வருகிற கண்ணுக்கு
உடைசல் இரண்டு மடங்கு.
அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.
நூறு ரூபாய்க்கு இதற்கு மேல் முடியாது.

திங்கள்கிழமை கடலாடியில்
எழுத்தர் தாளைத் தலைகீழாகப் பிடித்து எண்ணினார்:
ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.
"மூஞ்சி சின்னதா இருக்கே."
முத்திரை இறங்கியது,
நான்கும் சந்திக்கிற இடத்தில்,
ஊதா வட்டம், கொஞ்சம் கோணலாக.
அதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றியிருக்காது.

நீலத்தைத் தனியாகப் பெரிதாக்கி
ஞானப்பூவுக்குக் கொடுத்தனுப்பினேன்.
பத்து நாள் கழித்து போன் செய்தாள்.
பணம் இன்னும் வரவில்லையாம்.
"போட்டோ நல்லாருக்குக்கா.
அந்தக் கேன மட்டும் எடுத்துட்டுப்
போட்டுத் தர முடியுமா?"

முடியாது என்றேன்.
ஏன் என்று கேட்டாள்.
சொல்ல வரவில்லை.